குமிழி சொன்னால்தான் குடித்தனம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ஆனால் அந்தப் பணக்காரப் பகுதியில் ஓர் ஊர்வலம் கிளம்பிவிடும். முன்னால் குமிழி ஐயா. அவருக்குக் குடை பிடித்தபடி வீட்டுத் தரகர். பின்னால் நாற்பது ஐம்பது பேர். எல்லாரும் படித்தவர்கள். சிலர் அளவுக்கு மீறியே படித்தவர்கள். உடம்பு இளைக்கவென்று வாங்கிய விலை உயர்ந்த காலணிகளை மாட்டிக்கொண்டு, புத்தி இளைக்க அவர் பின்னால் நடந்தார்கள்.

ஐயாவின் தொழில் ரொம்ப எளிமையானது. வீடு வாங்க வந்தவரை அந்த வீட்டுக்குப் பிடித்திருக்கிறதா என்று வீட்டையே கேட்டுச் சொல்வார். நமக்கு வீடு பிடித்தால் மட்டும் போதாதாம், வீட்டுக்கும் நம்மைப் பிடிக்க வேண்டுமாம். வீட்டுக்குக் கண் உண்டு, மூக்கு உண்டு, ரோஷம் உண்டு. மின்கட்டணம் கட்டுவது ஒன்றுதான் அதற்குத் தெரியாது, அதை நாம்தான் கட்ட வேண்டும்.

வீட்டோடு பேச ஐயாவிடம் ஒரு கோல் இருந்தது. சம்மதக் கோல் என்று பெயர். கருப்பு மரத்தில் பித்தளைக் கட்டுப் போட்ட ஒரு முழ நீளக் கோல். ஒரு முனையில் மட்டும் பூ செதுக்கியிருக்கும். நடுவில் சின்னக் கண்ணாடிக் குழல், குழலுக்குள் பச்சை நிறத்தில் ஏதோ திரவம், திரவத்துக்குள் பட்டாணி அளவில் ஒரு குமிழி. பட்டுத்துணியைப் பிரித்து, கோலை எடுத்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, வாசற்படியில் வைப்பார். ஒரு முனை வீட்டைப் பார்த்து இருக்கும், மறுமுனை தெருவைப் பார்த்து இருக்கும். குமிழி வீட்டுப் பக்கம் நகர்ந்தால் வீடு ‘வா’ என்கிறது. தெருப் பக்கம் நகர்ந்தால் ‘போ’ என்கிறது. வேறு எவர் கை பட்டாலும் கோல் ஊமையாகிவிடும் என்பதால் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. ‘போ’ என்ற பிறகும் வீட்டைக் கைமாற்றினால் வாங்கியவர் பிழைப்பு கெடும், விற்றவர் கால் முடங்கும். இது ஐயா சொன்னது. எப்படித் தெரியும் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, வரிசையில் இடம் போய்விடுமே!

அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். சாட்சி இல்லாமல் ஒரு கோழித் திருடனைக்கூட உள்ளே தள்ளியதில்லை என்று பெருமை பேசுவார். குமிழி ‘போ’ என்று சொல்லிவிட்டதால், சொந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாகப் போகாமல் இரண்டு வருடமாகச் சமையலறைக் கதவு வழியாகப் பாத்திரம் தேய்க்கிறவரோடு சேர்ந்து நுழைந்துகொண்டிருந்தார். ஒரு டாக்டரம்மா இருந்தார். தும்மினால்கூட மூன்று பரிசோதனை எழுதுவார். கட்டி முடித்த புது வீட்டைக் குமிழியின் பேச்சைக் கேட்டு ஒரு வருடமாகப் பூட்டி வைத்திருந்தார்.

இந்த ஊர்வலத்தின் வாலில், தயங்கித் தயங்கி வந்தவர்தான் நம் ஊசிக்காரர்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. வலிக்காமல் எடுப்பார் என்று நல்ல பெயர். அந்தப் பகுதியில் பாதிப் பேரின் நரம்பு அவருக்கு அத்துப்படி. ஆனால் குடியிருந்ததோ இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஓர் ஒற்றை அறையில். கூடத்தை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும், வெறும் வயிற்றோடு வருபவர்கள் வாசலில் நிற்பார்கள். அவர் மனைவிக்கும் அதே பகுதியில்தான் வேலை, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில். இருவருமாக நாளைக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் வாழ்ந்தார்கள். ஒன்பது வயது மகள் பள்ளியில் ‘என் குடும்பம்’ என்று ஒரு படம் வரைந்தாள். அதில் அம்மா நின்றாள், மகள் நின்றாள், அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். “அப்பாவுக்கு என்ன ஆச்சு?” என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. ஒன்றும் ஆகவில்லை, அவள் அவரை விழித்த நிலையில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பதினோரு வருடச் சேமிப்பை வைத்துக்கொண்டு அந்தப் பகுதியில் வீடு தேடினால் என்ன கிடைக்கும்? ஒரு நாய்க்கூண்டு கிடைக்கலாம், அதுவும் நாய் சம்மதித்தால். ஆனாலும் ஒன்று கிடைத்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், பின்பக்கம், பம்ப் அறையை ஒட்டி இரண்டு அறைகள். முன்பு டிரைவர்கள் தங்குவதற்குக் கட்டியவை. மோட்டார் ஓடினால் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும். ஜன்னலைத் திறந்தால் இரண்டடி தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். மனைவி உள்ளே போய்க் குழாயை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தாள். கட்டில் போட இடமிருக்கிறதா என்று சுவரைக் கைச்சாணால் அளந்தாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள், அரண்மனை கிடைத்த ராணிகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

விற்பவர் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர். முழங்கால் வலி. மகன் வீட்டுக்குப் போய்விடத் தயாராக இருந்தார். நல்ல மனுஷி. ஆனால், “எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லப்பா. வீட்டைக் கேட்டுட்டுச் சொல்றேன். ஏற்கெனவே கால் வலி, இதுக்கு மேல முடங்கிப் போனா யார் பார்க்கிறது?” என்றார். முப்பது வருடம் ‘செய்முறை எழுதாத விடைக்கு மார்க் இல்லை’ என்று பிள்ளைகளை மிரட்டியவர்.

அந்த வீடு அதற்கு முன் மூன்று பேரை வேண்டாம் என்று சொல்லியிருந்தது. ஒரு நர்ஸ், ஒரு பஸ் டிரைவர், ஒரு ரொட்டிக் கடைக்காரர். ஒவ்வொருவராகப் போகப் போக டீச்சர் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். இதில் ஒரு விசித்திரம், வீடு வாங்கக் காரில் வந்து இறங்கியவர்களை அந்தப் பகுதியில் எந்த வீடும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. பஸ்ஸில் வந்தவர்களைத்தான் வீடுகளுக்குப் பிடிக்கவில்லை. அவை எந்த மூக்கை வைத்து டிக்கெட்டை மோப்பம் பிடித்தனவோ!

ஊசிக்காரரின் முறை வந்தது. ஐயா கோலை வைத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. குமிழி நிதானமாகத் தெருப் பக்கம் நகர்ந்து நின்றது.

“வேண்டாம்கிறது,” என்றார் ஐயா. தரகர் ‘உச்’ கொட்டினார். ‘உச்’ கொட்டுவதில் அவருக்கு இணை கிடையாது.

“இன்னொரு தடவை கேட்க முடியாதாங்க ஐயா?” என்று ஊசிக்காரரின் மனைவி கேட்டாள்.

“அடுத்த ஞாயிறு கடைசியா ஒரு முறை கேட்கிறேன். அதோடு சரி. வீட்டை ரொம்ப நச்சரிக்கக் கூடாது.”

தரகர் டீச்சர் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார். “அப்பவும் வேணாம்னா கவலைப்படாதீங்கம்மா. பாதி விலைக்கு நானே எடுத்துக்கிறேன். வர்ற கெடுதல் என் தலையோட போகட்டும்.”

என்ன தியாகம் பாருங்கள்!

அன்று சாயங்காலம் ஊசிக்காரர் ஒற்றை அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மச்சினி வந்திருந்தாள். டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவளுக்கு. ‘பொம்பளை டைல்ஸ் ஒட்டினா நிக்குமா?’ என்று கேட்டவர்களின் குளியலறையிலேயே ஒட்டிக் காட்டி, வழுக்காமல் நிற்க வைத்தவள்.

“ஏன் மாமா, பரீட்சையில பெயிலான மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

“வீடு வேணாம்னுடுச்சும்மா.”

“வீடு பேசுச்சா? எந்த வாயால? ஜன்னலாலயா, கதவாலயா?”

“கிண்டல் பண்ணாதே. என் கண்ணால பார்த்தேன். குமிழி அப்படியே வெளியே ஓடுச்சு.”

“எந்தக் குமிழி?”

ஊசிக்காரர் பயபக்தியோடு விளக்கினார். மச்சினி ரொட்டி மெல்லுவதை நிறுத்தினாள்.

“அந்தக் கண்ணாடிக் குழல் மேல ரெண்டு கோடு போட்டிருக்கா?”

“ஆமா! உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் தன் வேலைப் பையைத் திறந்து, சிமெண்ட் பூத்த ஒரு மஞ்சள் கட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள். நடுவில் குழல். குழலில் பச்சைத் தண்ணீர். உள்ளே குமிழி.

“இதுக்குப் பேரு ரசமட்டம் மாமா. தரை சாய்வா இருக்கா, நேரா இருக்கான்னு பார்க்கறது. ஒரு ஜோடி செருப்பு விலைக்குக் கடையில கிடைக்கும்.”

ஊசிக்காரர் அதை முன்னும் பின்னும் பார்த்தார். “இது வேற. அது பித்தளை.”

“அக்கா, உன் புருஷனைக் கொஞ்சம் பாரேன்!”

“நான் தினமும்தான் பார்க்கிறேன்,” என்றாள் அக்கா.

“சரி மாமா, ஒண்ணு கேட்கிறேன். உங்க லேப்ல நல்லா நடமாடிக்கிட்டிருக்கிற ஆளுக்குச் சர்க்கரை அறுநூறுன்னு மிஷின் காட்டுது. என்ன பண்ணுவீங்க?”

“அப்படியே எழுதிக் கொடுத்துடுவோமா? மிஷின் சரியா இருக்கான்னு பார்ப்போம். அளவு தெரிஞ்ச சாம்பிள் ஒண்ணை ஓட்டிப் பார்ப்போம்.”

“ஏன்? மிஷின் சொன்னா நம்ப வேண்டியதுதானே?”

“அதெப்படி? மிஷின்லயே கோளாறு இருந்தா…” ஊசிக்காரரின் வாய் பாதியில் நின்றது.

“சொல்லுங்க, ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள் மனைவி.

ஊர் ரத்தத்தை எல்லாம் இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுதுகிறவர், தன் பதினோரு வருடத்தை ஒரே ஒரு குமிழியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். முகம் சுருங்கிவிட்டது.

“அடுத்த ஞாயிறு நானும் வர்றேன். ஒரு பலகை கொண்டு வர்றேன், வேற ஒண்ணும் வேணாம்,” என்றாள் மச்சினி.

“ஏம்மா, வம்பு எதுவும் பண்ணிடாதே. பெரிய மனுஷங்க இருக்கிற இடம்.”

“பெரிய மனுஷங்களைத் தொட மாட்டேன் மாமா. அந்தக் கோலைக்கூடத் தொட மாட்டேன், போதுமா?”

அடுத்த ஞாயிறு பம்ப் அறையை ஒட்டிய அந்த வீட்டு வாசலில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். வீட்டின் கடைசித் தீர்ப்பு என்று தரகர் பகுதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். டீச்சருக்கு நாற்காலி போட்டிருந்தது. நீதிபதி கைகளைப் பின்னால் கட்டி நின்றார். ஐயா பட்டுத்துணியைப் பிரித்தார்.

“ஐயா, ஒரு நிமிஷம்.” மச்சினி கையில் ஒரு புதுப் பலகையோடு முன்னால் வந்தாள். “படி நடுவுல தேய்ஞ்சு பள்ளமா கிடக்கு. உங்க கோல் ஆடிச்சுன்னா வீடு சொல்றது சரியா விளங்காம போயிடும். இந்தப் பலகையைப் போட்டு அது மேல வையுங்க.”

ஐயா பலகையை முகர்ந்து பார்க்காத குறை. “யாரும்மா நீ?”

“இவர் மச்சினி. எங்களுக்கு நல்ல பதிலா வரணுமேன்னு ஒரு ஆதங்கம்தான்.”

இவ்வளவு பக்தியான பெண்ணை எப்படி மறுப்பது? கூட்டமும் “வையுங்க ஐயா, நல்லதுதானே” என்றது. பலகை படியின் மேல் கிடந்தது. ஐயா கண்ணை மூடினார், பெருமூச்சு விட்டார், கோலை வைத்தார். பூ செதுக்கிய முனை தெருவைப் பார்த்து இருந்தது. குமிழி நகர்ந்தது. தெருப் பக்கம்.

“வேண்டாம்கிறது,” என்றார் ஐயா. “இதுதான் கடைசி.”

தரகர் ‘உச்’ கொட்ட வாயைக் குவித்தார். ஊசிக்காரரின் மனைவி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில்கூட, வெட்கமில்லாமல், ‘ஒருவேளை வீடு நிஜமாகவே சொல்கிறதோ’ என்று ஒரு மூலையில் அவர் மனம் கேட்டது. ஆனாலும் வாயைத் திறந்தார்.

“ஐயா, எங்க லேப்ல எதையும் ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் எழுதுவோம். கோல் அப்படியே இருக்கட்டும். யாரும் தொட வேணாம்.” மச்சினியைப் பார்த்தார். “திருப்பும்மா.”

மச்சினி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தாள். அரை வட்டம் திருப்பினாள். பலகை திரும்பியது, அதன் மேல் இருந்த கோலும் கூடவே திரும்பியது. தெருப் பக்கம் இருந்த முனை வீட்டுப் பக்கம் வந்தது.

குமிழியும் அந்த முனையோடு ஒட்டிக்கொண்டே வீட்டுப் பக்கம் வந்துவிட்டது.

“அட! இப்ப ‘வா வா’ங்குதே!” என்றாள் மச்சினி.

“கோலைத் தொட்டுவிட்டாய்!” என்று ஐயா பதறினார்.

“எங்க தொட்டேன்? என் பலகையைத்தான் திருப்பினேன். நீங்க வச்ச கோல் வச்ச மாதிரியே இருக்கு.”

அப்போது தரகர் ஒரு காரியம் செய்தார். அதுவரை எல்லாரும் குமிழியையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஐயாவின் காதருகே குனிந்து, பதற்றத்தில் குரலை அடக்க மறந்து, “ஐயா, பூ உள்ளே போச்சு! பூ உள்ளே போச்சு!” என்றார்.

எல்லார் காதிலும் விழுந்தது. டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“குமிழிதானே பேசும்னு சொன்னீங்க? பூ எங்க இருந்தா உங்களுக்கு என்ன?”

தரகர் குடையை விரித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். யார் தடுத்தும் கேட்காமல் படியருகே உட்கார்ந்தார். பலகையைத் திருப்பினார், குமிழி தெருவுக்கு வந்தது. திருப்பினார், வீட்டுக்குப் போனது. மறுபடி தெரு, மறுபடி வீடு. முப்பது வருடம் நோட்டுத் திருத்திய கண் அது. ஆறாவது தடவை பலகையை விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

“இது வீடு சொல்ற பதில் இல்ல. எப்படித் திருப்பினாலும் குமிழி பூவோடதான் போகுது.”

“நீங்க திருப்பித் திருப்பி வீட்டைக் குழப்பிட்டீங்க,” என்றார் ஐயா.

“அப்ப வீடு இல்லாத இடத்துல வச்சுப் பார்ப்போம்,” என்றாள் மச்சினி. பலகையோடு கோலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பம்ப் அறைத் தரையில் வைத்தாள். குமிழி பூப்பக்கம். திருப்பினாள். பூப்பக்கம். அந்த இடத்திலேயே தன் மஞ்சள் ரசமட்டத்தையும் வைத்தாள். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. திருப்பினாள். அப்போதும் நடுவில்தான். “பாருங்க, ஒழுங்கான மட்டம் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பதில்தான் சொல்லும். இவர் கோல்ல குழலை வேணும்னே ஒரு பக்கம் தூக்கி ஒட்டியிருக்கு. பூவை உள்ளே வச்சா வீடு ‘வா’ங்கும். வெளியே வச்சா ‘போ’ங்கும். கார்ல வந்தா பூ உள்ளே, பஸ்ல வந்தா பூ வெளியே.”

ஐயா கடைசி ஆயுதத்தை எடுத்தார். “நம்பிக்கை இல்லாதவர்கள் நடுவே சம்மதக் கோல் வேலை செய்யாது.”

“என்னோடது நீங்க நம்பினாலும் வேலை செய்யும், நம்பாட்டியும் வேலை செய்யும் ஐயா.”

கூட்டத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். சற்று முன்வரை ஐயாவின் காலடி மண்ணைத் தட்டிவிடாமல் நடந்தவர்கள்தான்! இப்போது ஒவ்வொருவரும், “எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம்” என்று பக்கத்திலிருப்பவரிடம் சொன்னார். சந்தேகம் அவ்வளவு பேரிடம் அவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்ததோ!

நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. “அப்படின்னா ரெண்டு வருஷமா நான் சமையலறை வழியா…” என்று ஆரம்பித்தார்.

“நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?” என்றார் அவர் மனைவி. வழக்கு அங்கேயே முடிந்தது.

தரகர் குடையோடு நழுவப் பார்த்தபோது ஊசிக்காரர்தான் மணிக்கட்டைப் பிடித்தார். நரம்பு பார்த்துப் பிடிக்கிற பிடி அது, உதறினால் வராது. டீச்சர் எதிரே வந்து நின்றார்.

“மூணு பேரைத் துரத்திட்டு, என்னைப் பயமுறுத்தி, பாதி விலைக்கு நீரே எடுத்துக்கப் பார்த்தீர். அந்தப் பூ ஐயாவோட யோசனையா, உம்மோட யோசனையா?”

“அவர்தான்,” என்றார் தரகர்.

“இவர்தான்,” என்றார் ஐயா.

அன்று காலை இருவரும் சேர்ந்து சொன்னதில் உண்மை இது ஒன்றுதான். இரண்டுமே உண்மை. போலீஸ் ஜீப் வரும்வரை நீதிபதியே கட்டடத்தின் வாசலை மறித்து நின்றுகொண்டார். முன்வாசலைத்தான்.

டீச்சர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஊசிக்காரரின் மனைவியிடம் நீட்டினார். “போன வாரம் சொன்ன அதே விலை. நாளைக்கே எழுதிடலாம். அந்த நர்ஸ் பொண்ணு நம்பர் இருக்கு, அவகிட்டயும் மத்த ரெண்டு பேர்கிட்டயும் நான்தான் மன்னிப்புக் கேட்கணும்.” பிறகு தணிந்த குரலில் சேர்த்தார். “கணக்கை நானே போட்டுப் பார்த்திருக்கணும்.”

மனைவி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ஊசிக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பம்ப் மோட்டார் ஓட ஆரம்பித்தது. படி அதிர்ந்தது. அந்த அதிர்வுகூட அவருக்குத் தாலாட்டாக இல்லை. வெகு காலத்துக்குப் பிறகு அவர் நன்றாக விழித்திருந்தார்.

கூட்டம் கலைந்தது. மச்சினி பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம். டாக்டரம்மா.

“ஏம்மா, உன்னோடது நிஜமாவே சரியான மட்டம்தானே?”

“ஆமா டாக்டர். நீங்களே பார்த்தீங்களே.”

டாக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அப்ப நாளைக்கு எங்க புது வீட்டு வாசல்ல ஒரு தடவை வச்சுப் பார்த்துச் சொல்லேன். அந்த ஆள்தான் ஏமாத்துக்காரன். உன்கிட்ட வீடு உண்மையைச் சொல்லும் பாரு, எங்களை ஏத்துக்குதா இல்லையான்னு.”

மச்சினி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“வர்றேன் டாக்டர். தரை கோணலா இருந்தா இது காட்டிக் கொடுத்துடும், ரெண்டு நாள்ல நிமிர்த்திக் கொடுத்துடுவேன். கோணல் தலையில இருந்தா அதுக்குக் கடையில கருவி விக்கிறதில்ல. அவங்கவங்க யோசிச்சு அவங்கவங்கதான் நிமிர்த்திக்கணும்.”